ஜோசபின் பேக்கரைப் பிள்ளைகளோடு மேடையேற்றியபோது கற்றவை

2021 நவம்பர் 30ஆம் தேதி மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே சூஃப்ளோ தெருவுக்குப் போனேன். பாரிஸின் குளிர் எலும்புவரை இறங்கியிருந்தது. பிரான்ஸ் தன் பெருமக்களை அடக்கம் செய்து போற்றும் பாந்தெயோன் கட்டடத்தை நோக்கி ஏறும் அந்தத் தெரு முழுவதும் சிவப்புக் கம்பளம். விமானப்படை வீரர்கள் ஒரு பெட்டியைத் தோளில் சுமந்து அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். பெட்டிக்குள் உடல் இல்லை. செயின்ட் லூயிஸ், பாரிஸ், மிலாந்த், மொனாக்கோ ஆகிய நான்கு இடங்களின் மண் மட்டுமே இருந்தது. ஜோசபின் பேக்கரின் உடல் மொனாக்கோவின் கல்லறையில்தான் இன்றும் இருக்கிறது.

அவரைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் வாழைப்பழப் பாவாடையும் அந்தப் பாவாடை அணிந்து ஆடிய ஆட்டமும்தான். ஒரு நடனக்காரியின் பெட்டிக்கு விமானப்படை எதற்காகத் தோள் கொடுக்கிறது என்ற கேள்வியோடு ரயில் ஏறினேன். அந்தக் கேள்விதான் அடுத்த ஏழு மாதங்கள் என்னை இழுத்துச் சென்றது. இரண்டாம் உலகப் போரில் அவர் பிரான்சுக்காக உளவு பார்த்தவர் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

பாரிஸ் புறநகர் ஒன்றில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் நல்லதங்காள், அரிச்சந்திரன் என்று போட்டுவந்த நாங்கள், 2022இல் இந்த மண்ணின் கதை ஒன்றைத் தமிழில் போடுவோம் என்று முடிவெடுத்தோம். 14 பிள்ளைகள், 20 நிமிடங்கள். போர்க்காலக் கலைஞர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச விரும்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று நம்பி, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இரண்டு இரவுகள் தேடி முதல் பிரதியை எழுதினேன். அதில் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் ஜோசபினை விருந்துக்கு அழைத்து நஞ்சூட்ட முயல்வதாகவும், அவர் அழுக்குத் துணி போடும் குழாய் வழியாகச் சறுக்கித் தப்புவதாகவும் ஒரு காட்சி. பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி உயிர். எங்கள் மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருப்பவர் நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுப் பெண்மணி. அவரிடம் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், இதை யார் சொன்னது? சொன்னவர் அப்போது அங்கே இருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தேடத் தேட அந்தக் கதை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவியதே தவிர, அடியில் ஆவணம் எதுவும் நிற்கவில்லை. காட்சியை வெட்டினேன். பிள்ளைகள் இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு ஒரு கொப்பியில் கோடு போட்டு, இடப்பக்கம் நிகழ்வையும் வலப்பக்கம் அதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதையும் எழுதத் தொடங்கினேன். உளவு வேலையின் கதைகளுக்கு இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும். அந்த வேலையின் இயல்பே தடயம் விடாமல் இருப்பது. போர்க்காலத்து ஜோசபினைப் பற்றி நாம் கேள்விப்படுவதில் பெரும்பகுதி ஜாக் அப்டே என்ற ஒருவரிடமிருந்து வருகிறது. பிரெஞ்சு இராணுவ உளவுத்துறை அதிகாரியான அவர்தான் ஜோசபினைச் சேர்த்தவர், கூடவே பயணம் செய்தவர், 1948இல் நூலாக எழுதியவர். உடனிருந்தவர் என்பதால் மதிக்க வேண்டும். நண்பர் என்பதால் கவனமாகவும் படிக்க வேண்டும். அவர் மட்டுமே சொல்லும் இடங்களில் எங்கள் நாடகத்தின் கட்டியக்காரன் "அப்டே சொல்கிறார்" என்று சொல்லித்தான் தொடங்குவான். கூத்தின் கட்டியக்காரன் எனக்கு இப்படிக் கைகொடுப்பான் என்று நினைக்கவேயில்லை.

ஒரு விடுமுறை நாளில் வன்சென் கோட்டைக்கும் போய்வந்தேன். மெட்ரோ முதலாம் தடத்தின் கடைசி நிலையம். பிரெஞ்சு இராணுவ ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்களாக விண்ணப்பித்த ஏறத்தாழ 6 இலட்சம் பேரின் தனிக் கோப்புகள் அங்கே உள்ளன. நினைத்த நேரத்தில் போய்க் கேட்க முடியாது. பதிவு செய்து, எந்தக் கோப்பு வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு போக வேண்டும். வாசிப்பறையில் பென்சில்தான். அங்கே சுற்றியிருந்தவர்களில் பலர் தங்கள் தாத்தா பாட்டியின் பெயரைத் தேடி வந்தவர்கள். முத்திரையும் மடிப்பும் மங்கிய தட்டச்சுமாக இருக்கும் அந்தத் தாள்களின் முன் அவர்கள் குனிந்திருந்த விதம், கோயிலில் நிற்பவர்களைப் போல இருந்தது.

அதே வன்சென்னில்தான், 1917 அக்டோபர் 15 காலையில், மாத்தா ஹரியைச் சுட்டார்கள். ஒல்லாந்தில் பிறந்து, கிழக்கத்திய ஆட்டம் என்ற பெயரில் பாரிஸை மயக்கிய நடனக்காரி. ஜெர்மனிக்கு உளவு பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. "நடனக்காரி உளவாளி" என்றவுடன் உலகத்தின் மனத்தில் எழும் படம் அவருடையது. 1939 செப்டம்பரில் மரூவானி என்ற கலைநிகழ்ச்சி முகவர் ஜோசபினின் பெயரைச் சொன்னபோது, இன்னொரு மாத்தா ஹரியா என்று அப்டேயே முதலில் தயங்கினாராம்.

தயக்கம் தீர்ந்ததற்குக் காரணம் ஜோசபினின் வாழ்க்கை. 1906இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வறுமையில் பிறந்தவர். 1917இல், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களைக் கொன்று வீடுகளைக் கொளுத்தியபோது அவருக்கு வயது 11. 1925இல் பாரிஸ் வந்தார். 1937 நவம்பர் 30இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். பாந்தெயோன் விழாவுக்கு அதே தேதியைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். தன்னை மனுஷியாக நடத்திய நாட்டுக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பது அவருக்குப் பேச்சு அல்ல. அகதியாக இந்நாட்டுக்கு வந்த எனக்கு அந்த உணர்வை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, எனக்குக் கிடைத்ததில் மிகப் பெரியது. முதல் ஒத்திகையில் ஜோசபினாக நடித்த 13 வயது மாணவி, "ரீச்சர், உளவாளி என்றால் ஒளிந்து ஒளிந்து நடக்க வேண்டாமா?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளுமே சுவரோரம் பதுங்கித்தான் நடந்தார்கள். நான் பெரிய பெட்டிகள் நான்கை மேடைக்கு நடுவில் வைத்து, "இதையெல்லாம் தூக்கிக்கொண்டு, ஊரே பார்க்கும்படி நட" என்றேன். நாடகம் அந்த நொடியில்தான் பிறந்தது. ஒளிவதற்கு அவர் இருட்டைத் தேடவில்லை. மேடை வெளிச்சத்தையே போர்த்திக்கொண்டார்.

1940 நவம்பரில், போரில் சேராத போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் போன பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்து ஐந்து மாதம். போருக்குப் போகும் வயதிலுள்ள ஓர் ஆண், அதுவும் உளவுத்துறை அதிகாரி, நாட்டை விட்டு எப்படி வெளியேறுவார்? புகழ்பெற்ற பாடகியின் செயலாளராக. அப்டேயின் கடவுச்சீட்டில் ஜாக் எபேர் என்று பெயர் மாறியது. கலைஞர் என்றால் கச்சேரிக்காக நாடு கடப்பது இயல்பு, விசா கேட்பதும் இயல்பு. பெட்டி பெட்டியாக உடையும், கட்டுக் கட்டாக இசைத்தாளும் இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும். அந்த இசைத்தாள்களில், கண்ணுக்குத் தெரியாத மையில், பிரான்சில் இருந்த ஜெர்மன் படைகளைப் பற்றிய தகவல்கள் எழுதப்பட்டிருந்தன. எல்லைகளில் அதிகாரிகள் நட்சத்திரத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள். பக்கத்தில் நின்ற செயலாளரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் சோதனைச்சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்த நிலை எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லாதவளுக்கே அப்படி என்றால், உள்ளாடையில் குறிப்புகளை ஊசியால் குத்திக்கொண்டு சிரித்தபடி கையெழுத்துப் போட்டவரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? அந்தச் சிரிப்பை மாணவியிடம் வரவழைக்க ஆறு ஒத்திகைகள் ஆயின. கடைசியில் ஒரு வழி கண்டேன். மேடைக்கு வருமுன் அவள் கையில் ஒரு சிறு கூழாங்கல்லைக் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் பொத்திக்கொள்ளச் சொன்னேன். கை இறுகியது, முகம் சிரித்தது. அது போதுமாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத மையைப் பிள்ளைகளே செய்து பார்த்தார்கள். தங்கள் வாய்ப்பாட்டுக் கொப்பியில், சரளி வரிசைக்கு இடையிலுள்ள வெற்று வரிகளில், எலுமிச்சைச் சாற்றால் எழுதினார்கள். காய்ந்த பிறகு தாளை மேசையில் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் எழுத்துப் பழுப்பாக எழும்பும். ஜோசபினுக்குக் கொடுக்கப்பட்ட மை எலுமிச்சை அல்ல, நாங்கள் செய்தது கருத்தைப் புரியவைக்க மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மெழுகுவர்த்தி வேண்டாம், தாள் பற்றிக்கொள்ளும். சாற்றில் அதிகம் நீர் கலக்க வேண்டாம், எழுத்து மங்கிவிடும். தடித்த தாள் நல்லது. ஸரிகமபதநிஸ வரிகளுக்கு நடுவிலிருந்து "கப்பல்" என்ற சொல் மெல்ல வெளிவந்தபோது வகுப்பே வாய் பிளந்தது. நான் அரை மணி நேரம் பேசியும் புரியாதது அப்போது புரிந்தது.

1940 டிசம்பரில் மார்செய் ஓபரா அரங்கில் ஒஃபென்பாக்கின் இசைநாடகம் ஒன்றில் நடித்தது, 1941 தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடந்தது எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் முடித்தோம். அந்தப் பயணத்தில் குரங்குகளையும் பெரிய நாயையும் வெள்ளெலிகளையும் கூட்டிப்போனார் என்பதால் நான்கு சிறுவர்களுக்கு வேடம் கிடைத்தது. இத்தனை பிராணிகளோடு ஒருவர் வந்தால் காவலரின் கண் எதில் போகும் என்பதை அவர்கள் சொல்லாமலே உணர்ந்தார்கள்.

ஆனால் கசபிளாங்கா மருத்துவமனைக்கு ஐந்து நிமிடம் கொடுத்தேன். 1941 நடுப்பகுதியில் வயிற்றுக்குள் கடும் தொற்று ஏற்பட்டு விழுந்தவர், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு படுக்கையில் இருந்தார். அறுவைக்கு மேல் அறுவை. இறந்துவிட்டார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் செய்தியே போட்டன. அந்த நோயறைக்கு அமெரிக்கத் தூதரக ஆட்கள் வந்தார்கள், மொரோக்கோ நாட்டுப் பிரமுகர்கள் வந்தார்கள், அப்டே பக்கத்திலேயே இருந்தார். நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்பார்களா? பழமும் பூவும் கொண்டுவந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். 1942 நவம்பர் 8இல் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. ஆடவோ பாடவோ முடியாமல் கிடந்த காலத்தில்கூட அவருடைய புகழ் வேலை செய்துகொண்டிருந்தது. இந்தப் பகுதி எனக்கு லிஸ்பன் பயணத்தைவிடப் பெரிது. வலியோடு படுத்திருப்பவர் தன் அறையைத் திறந்து வைத்திருந்தார் என்பதில் ஒரு தைரியம் இருக்கிறது, அதை மேடையில் காட்டுவது கடினம். நாங்கள் ஒரு கட்டிலை மட்டும் வைத்து, வருபவர்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும்படி செய்தோம்.

குணமானதும் வட ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் படையினருக்காகப் பாடினார். சுதந்திர பிரான்சின் தலைவர் தெ கோல் பரிசாகக் கொடுத்த, அந்த இயக்கத்தின் சின்னமான தங்க லொரேன் சிலுவையை ஏலத்தில் விட்டு, பணத்தைப் போராட்டத்துக்கே கொடுத்தார். 1944இல் விமானப்படையின் மகளிர் துணைப் பிரிவில் துணை லெப்டினன்ட் ஆனார். சூஃப்ளோ தெருவில் நான் கண்ட தோள்களுக்குக் காரணம் இதுதான். 1946இல் எதிர்ப்பு இயக்கப் பதக்கம். 1963 ஆகஸ்ட் 28இல் வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில், அந்தச் சீருடையை அணிந்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு பேசினார். எங்கள் மாணவிக்கு அந்தச் சீருடையைத் தைத்துக் கொடுத்தவர் ஒரு பிள்ளையின் அம்மம்மா.

போர் முடிந்து வந்த பரிசுகளோடு நிறுத்திவிடாதீர்கள் என்று மற்ற ஆசிரியர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். 12 பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்த மிலாந்த் மாளிகையைக் கடனால் இழந்து, 1969இல் சமையலறைப் படியில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் ஜோசபினின் படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் பதக்கங்களின் எடை எனக்குத் தெரிந்தது. கோடையில் மிலாந்துக்குப் போனேன். சார்லாவரை ரயில் உண்டு, பிறகு கார் வேண்டும். உடைகளும் படங்களும் அறை அறையாக இருக்கின்றன. குளிர்காலத்தில் மூடியிருக்கும், பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குப் பாரிஸிலேயே தான்ஃபேர் ரோஷ்ரோ சதுக்கத்தில் பாரிஸ் விடுதலை அருங்காட்சியகம் இருக்கிறது. நிரந்தரக் கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக அழைத்துப்போவது நல்லது.

ஏப்ரலில் ஒரு மாணவன், "இவர்களில் யாரும் பிடிபடவே இல்லையா, ரீச்சர்?" என்றான். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். பொய்யாகச் சிரித்து மழுப்பினால், இதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அடுத்த ஞாயிறு அவர்களைப் பாரிஸை ஒட்டிய சுரேனுக்கு அழைத்துப் போனேன். நூர் இனாயத் கான் வளர்ந்த வீடு அங்கே இருக்கிறது. பரோடாவிலிருந்து வந்த இசைக்கலைஞரும் சூஃபி குருவுமான ஹஸ்ரத் இனாயத் கானின் மகள், திப்பு சுல்தானின் வழியில் வந்தவர். யாழ் போன்ற ஹார்ப் வாசித்தார், சிறுவர் கதைகள் எழுதினார், புத்த ஜாதகக் கதைகளைச் சொன்னார். 1943 ஜூனில் பிரிட்டனின் இரகசியப் பிரிவு அவரை வானொலித் தந்தியாளராகப் பிரான்சில் இறக்கியது. சில நாட்களிலேயே அவரைச் சுற்றியிருந்த குழு பிடிபட்டது. திரும்பி வரச் சொன்னார்கள், மறுத்தார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். அனுப்பிய செய்திகளின் படிகளை ஒரு கொப்பியில் வைத்திருந்தது ஜெர்மனியர் கையில் சிக்கியது, அதனால் மேலும் பலருக்கு ஆபத்து வந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை. 1944 செப்டம்பர் 13இல் ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் சுடப்பட்டார். வயது 30.

கொப்பி விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். ஒரு பெண்ணைத் தெய்வமாக்கிவிட்டால் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தவறும் உறுதியும் ஒரே ஆளிடம் இருந்தன என்றபோது அவர்கள் அமைதியாக நின்று கேட்டார்கள். சிறையில் நடந்தவற்றை விவரிக்கவில்லை. இடம், தேதி, வயது, அவ்வளவுதான். அருகிலேயே மோன் வலேரியன் குன்று இருக்கிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏறிப் போய், பெயர்கள் பொறித்த மணியைப் பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கினோம்.

இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நம் மண்டபங்களில் உட்காரும் பெற்றோரில் பலர் போரைக் கண்டவர்கள், ஆட்களை இழந்தவர்கள். கைதும் சோதனையும் மேடையில் வந்தால் அவர்களுக்குள் என்ன கிளறும் என்று நமக்குத் தெரியாது. நாடகத்துக்கு மூன்று வாரம் முன்பே பெற்றோரைக் கூட்டிக் காட்சிகளை வரிசையாகச் சொன்னேன். துப்பாக்கிச் சத்தம் வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டேன். பூட்ஸ் சத்தம் வேண்டாம் என்று ஒரு தந்தை தனியாக வந்து சொன்னார், அதையும் எடுத்தேன். காரணம் கேட்கவில்லை. நாடகம் அதனால் ஓர் இம்மியும் குறையவில்லை.

முடிவுக் காட்சியை நாங்கள் நெதர்லாந்தில் அமைத்தோம். அங்கே ஆக்கிரமிப்பாளர் அமைத்த கலாசார அவையில் பதிந்துகொள்ளாத கலைஞர்களுக்கு மேடை மறுக்கப்பட்டது. அவர்கள் வீடுகளில் ஆடினார்கள், வாசித்தார்கள். ஜன்னல்களை மூடி, ஒளி வெளியே கசியாமல் நடந்த இந்த நிகழ்ச்சிகளுக்குக் "கறுப்பு மாலைகள்" என்று பெயர். திரட்டிய பணம் எதிர்ப்பு இயக்கத்துக்கும் ஒளிந்து வாழ்ந்தவர்களுக்கும் போனது. அப்படி ஆடியவர்களில் ஒருத்தி, பின்னாளில் உலகமே அறிந்த ஆட்ரி ஹெப்பர்ன். அன்று அவர் பதின்ம வயதுச் சிறுமி. வெளியே கேட்டுவிடும் என்பதால் பார்வையாளர்கள் கைதட்ட மாட்டார்கள் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

விழா அன்று கட்டியக்காரன் முன்வந்து, "இனி வரும் ஆட்டத்துக்கு யாரும் கைதட்டக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே காவல் நிற்கிறது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான். ஒரே ஒரு மேசை விளக்கு. பிள்ளைகள் சலங்கை கட்டவில்லை, வெறுங்காலில் ஆடினார்கள். பாட்டைத் தாழ்ந்த குரலில் ஒருத்தி மட்டும் முணுமுணுத்தாள். நானூறு பேர் இருந்த மண்டபத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் பழக்கத்தில் யாரோ ஒருவர் கைகளை உயர்த்தினார். பக்கத்தில் இருந்த முதியவர் அந்தக் கைகளை மெல்லப் பிடித்து மடியில் இறக்கினார்.